மீசை வைத்த மடை

பறக்கும் கார் வரும், செவ்வாயில் மனை விற்பார்கள் என்றெல்லாம் ஆசை காட்டித்தான் எங்கள் தலைமுறையை வளர்த்தார்கள். காத்திருந்து காத்திருந்து தலை நரைத்து, நரைத்ததும் உதிர்ந்து, பணி ஓய்வும் பெற்றபின் எனக்கு வந்து சேர்ந்தது ஒரு மீசை. என்னுடையது அல்ல. கெளுத்தி மீனுடையது.

விஷயம் இதுதான். கெளுத்திக்கு ருசி வாயில் மட்டும் இல்லை, மீசையிலும் இருக்கிறது. கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பாமல் மீசையால் நக்கிப் பார்த்தே அது குடும்பம் நடத்துகிறது. ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த மீசையின் உயிரணுக்களை எடுத்து, முழ நீளத்துக்கு வளர்த்து, ஓர் இரும்புக் கதவின் கீலில் பொருத்திவிட்டார்கள். குடியிருப்புகளின் மழைநீர் வடிகால் ஏரியில் விழுகிற இடத்தில் அந்தக் கதவு இருக்கும். தோட்டத்தில் ஓடி, தோட்டத்தில் போட்டதையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீரை மீசை ருசி பார்க்கும். மீனுக்கு ஆகுமென்றால் கதவு திறக்கும். ஆகாதென்றால் மூடிக்கொள்ளும். உன் அழுக்கு உன் வீட்டிலேயே இருக்கட்டும், அவ்வளவுதான் தத்துவம். அரசாங்கம் சட்டம் போட்டு ஏரிக்கரை முழுக்க மாட்டிவிட்டது. கையால் நெம்பித் திறந்தால் அந்தக் குடியிருப்புக்கு வடிகாலே ரத்து. இதற்கு மீசை மடை என்று பெயர்.

நம் ஆட்கள் நிலைகுலைந்து போனதற்குக் காரணம் சட்டம் அல்ல. மீசைக்குக் காது கிடையாது. கவுன்சிலர் பேசினால் கேட்காது. சொந்த ஊர் எது, யாருடைய பிள்ளை என்று விசாரித்து நெருக்கமாக முடியாது. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பலாமென்றால் வாங்கி வைக்க ஒரு மேசை கிடையாது. நாடு விடுதலை பெற்ற நாளிலிருந்து இப்படியோர் அதிகாரியை எவரும் பார்த்ததில்லை. நகரத்தில் பாதிப் பேருக்குக் குளிர் காய்ச்சலே வந்துவிட்டது.

எங்கள் குடியிருப்பு நாரைப்பாக்கம் ஏரிக்கரையில் இருக்கிறது. பெயர் லேக் பாரடைஸ். ஏரியில் பாதியை மண்ணடித்து மூடிக் கட்டியதால் அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உண்டு. நான் நான்காம் மாடி. வெள்ளம் வந்தாலும் வேடிக்கை பார்க்க வசதியான உயரம்.

குடியிருப்பின் நடுவே கொரியன் புல்தரை. அது எங்கள் சங்கத் தலைவர் சிற்சபேசனின் உயிர். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் யூரியா போடும் நாளை மறக்காத மனிதர். அந்தப் புல்லில் யாரும் நடக்கக் கூடாது, உட்காரக் கூடாது, உற்றுப் பார்ப்பதற்கும் முன் அனுமதி நல்லது. ஒருமுறை அதில் காக்கை உட்கார்ந்ததற்குச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கண்டனத் தீர்மானமே நிறைவேறியது. காக்கை குழுவில் இல்லாததால் தப்பித்தது.

இன்னொரு விதியும் உண்டு. வாசலில் பித்தளைப் பலகையில் பளபளக்கும்: 'சுத்த சைவக் குடியிருப்பு.' வீட்டில் குடியிருப்பவர் நாத்திகரா, திருடரா, வரி ஏய்ப்பவரா என்று யாரும் கேட்பதில்லை. முட்டை மட்டும் கூடாது.

இப்படிப்பட்ட சொர்க்கத்தின் தரைத்தளத்துக்கு ஜெசிந்தா மச்சாது வாடகைக்கு வந்தாள். தூத்துக்குடிப் பெண், பல் மருத்துவர். வீட்டுக்காரர் கனடாவில் இருந்ததால் வாடகை பார்த்தாரே தவிர, சமையல் பார்க்கவில்லை. ஜெசிந்தாவுக்கும் வேறு வழியில்லை. அவளுடைய அப்பா லூர்து மச்சாதுவுக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தார். வாசலில் சரிவுப் பாதை வைத்த தரைத்தள வீடு, அவளுடைய மருத்துவமனைக்குப் பக்கத்தில், அந்த வட்டாரத்திலேயே இது ஒன்றுதான். இதற்கு முன் மூன்று வீடுகளில் மீன் குழம்பு வாசனைக்காகக் கிளப்பிவிடப்பட்டு வந்திருந்தாள்.

பக்கவாதம் பெரியவரின் பேச்சிலிருந்து எல்லாப் பெயர்களையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மீன் பெயர்கள் மட்டும் மிஞ்சின. ஆகவே மனிதர்களை அதிலேயே கூப்பிட்டார். என்னைப் பார்த்தால் “சாளை!” என்று சிரிப்பார். தலைவரைப் பார்த்தால் “கணவாய்!” என்பார். தலைவர் அதை ஏதோ மலைக்கணவாய் என்று எடுத்துக்கொண்டு நெடுநாள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ உண்மையைச் சொன்ன அன்றுதான் ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து வாசனை வருவதும் அவருக்கு உறைத்தது.

“டாக்டர், விதி விதிதான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க,” என்றார்.

“எங்கப்பா சாப்பிடுத ஒரே சாப்பாடு அதுதான் சார். அதை நிப்பாட்டினா அவரு உசிரோட இருக்க மாட்டாரு. சரிவு வச்ச வீடு வேற எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க, நாளைக்கே போயிருதேன்.”

“அதெல்லாம் எங்க வேலையில்லம்மா. மூணாவது மாடி வனமாலி சாருக்கு வாசனைல தலை சுத்துதாம்.”

“அவருக்குக் கடவாப்பல்லுல சீழ் வச்சிருக்கு. அதான் சுத்துது. வரச் சொல்லுங்க, பிடுங்கி விடுதேன்.”

பொருளாளர் வனமாலி அன்றிலிருந்து அவள் வீட்டைக் கடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

அந்த மாதமே மழை வந்தது. பெரிய மழைகூட இல்லை. ஆனால் வடிகாலில் தண்ணீர் போகவில்லை. ஏரிக்கரைக் கதவு இறுக மூடிக்கிடந்தது. கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் ஆழம். சிற்சபேசன் முதலில் கவுன்சிலரை அழைத்தார், பிறகு ஒரு முன்னாள் நீதிபதியை அழைத்தார். நீதிபதி நேரில் வந்து, குடைபிடித்துக்கொண்டு, மீசையைப் பார்த்து, “நான் யாரென்று தெரியுமா?” என்று கேட்டதாக வாட்ச்மேன் சத்தியம் செய்கிறார். மீசை ஆடியதாம். தலையாட்டலா மறுப்பா என்று தெரியாமல் நீதிபதி போய்விட்டார்.

மறுநாள் மண்டல மீசைப் பொறியாளர் வந்தார். இன்பவல்லி என்று பெயர், முப்பது வயதிருக்கும். புல்தரையில் காலை வைத்துவிட்டார். தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன சார் போடுறீங்க இதுக்கு?”

“யூரியா. அப்புறம் பூச்சிக்குக் கொஞ்சம் மருந்து. சத்தான சாப்பாடுதான் மேடம்.”

“அந்தச் சாப்பாடு மொத்தமும் மழையில கரைஞ்சு ஏரிக்குப் போகுது. பாசி பிடிச்சு மூச்சு முட்டி மீன் சாகும். இந்தப் புல்லையே எடுத்துடுங்க சார். இந்த மண்ணுல தானா வளர்றது ஏதாவது போடுங்க. பொடுதலை படர விட்டா யூரியாவும் வேணாம், கத்தரிப்பும் வேணாம்.”

“பொடுதலையா? அது களை மேடம்! எங்க குடியிருப்பு ஒரு தரத்துல இருக்கு.”

“அப்போ யூரியாவையாவது நிறுத்துங்க.”

தலைவர் நிறுத்தினார். நிறுத்தியது மட்டுமில்லை, மதம் மாறினவர்போல ஆகிவிட்டார். இயற்கை, இயற்கை என்றே மூச்சு விட்டார். மூட்டை மூட்டையாக வேப்பம்புண்ணாக்கு வந்து இறங்கியது. வேப்பெண்ணெயைப் பீப்பாயில் வாங்கித் தானே முதுகில் சுமந்து புல்லின்மேல் தெளித்தார். குடியிருப்பு முழுக்க அப்படியொரு கசப்பு நெடி. என் காலைக் காபி ஒரு மாதம் கஷாயமாகவே இருந்தது. குழாயைத் திறந்தால் வேப்பங்காற்று வருகிறது என்று இரண்டாம் மாடியில் ஒருவர் குளிப்பதையே விட்டுவிட்டார். இந்த அமளியில் ஜெசிந்தாவுக்கு வைத்த கெடு தாண்டிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மழைக்குக் கதவு இன்னும் இறுக மூடிக்கொண்டது.

“மீசை கெட்டுப்போச்சு மேடம். மாத்திக் குடுங்க,” என்றார் தலைவர்.

இன்பவல்லி தண்ணீரைக் குப்பியில் பிடித்து எதிலோ விட்டுப் பார்த்தார். “மீசை நல்லாத்தான் இருக்கு. வேம்பு சார். மீனுக்கு ஆகாது.”

“வேம்பு ஆகாதா! நீங்க இந்த நாட்டுலதான் பொறந்தீங்களா? எங்கம்மா வயித்துப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து அரைச்சு உருண்டை உருண்டையா குடுப்பாங்க. எனக்கு என்ன ஆச்சு?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகல. பூச்சிக்கு என்ன ஆச்சு?”

“செத்துப்போச்சு.”

“அதேதான் சார். மீன்குஞ்சு அந்தப் பூச்சி அளவுதான் இருக்கும். கொஞ்சமா போட்டா மண்ணோட போகும், நீங்க பீப்பாய்ல ஊத்துறீங்க.”

தலைவர் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு அன்று மாலையே சங்கத்தில் பேசினார்: வேம்பைப் பழிப்பது வெளிநாட்டுச் சதி, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உரக் கம்பெனிகள் இருக்கின்றன. கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. மறுநாள் இன்னும் இரண்டு பீப்பாய் வந்தன.

பிறகு அந்தப் பெருமழை. பகலிலேயே வானம் கறுத்து, கொட்டத் தொடங்கியது நிற்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் வேப்பந்தண்ணீர் ஏறியது. நீலக் கார் ஒன்று மிதந்து போய் மாடிப்படிவரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதை என் பால்கனியிலிருந்து நானே பார்த்தேன். ஜெசிந்தாவின் வாசலில் சரிவுப் பாதை முழுகிவிட்டது. தண்ணீர் அவள் வீட்டுக்குள் நுழைந்து அப்பாவின் கட்டில் காலைத் தொட்டது. லிப்ட் ஓடவில்லை. தூக்கிக்கொண்டு போகலாமென்றால் பெரியவர் திமிங்கிலக் கனம்.

நான் கீழே ஓடினேன். ஓடினேன் என்றால் என் வேகத்தில். அதற்குள் அவள் இடுப்பளவு தண்ணீரில் கட்டடத்தின் பின்பக்கமாக நடந்து மடைப் பக்கம் போயிருந்தாள். கையில் ஓர் அலுமினியச் சட்டி. மதியக் குழம்புக்கு ஊறப்போட்டிருந்த நெத்திலிக் கருவாடு.

“நீயும் ஒரு மீனா? சீ!” என்று கத்தினாள். “உன் சாதிசனத்தைக் காப்பாத்த எங்கப்பனை முக்கிக் கொல்லுதியா? இந்தா, தின்னுத் தொலை!” என்று சட்டியோடு கருவாட்டுத் தண்ணீரைக் கதவின்மேல் வீசினாள்.

மீசை ஒருமுறை சிலிர்த்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், கதவு ஏப்பம் விட்டது. ஏப்பம் விட்டுத் திறந்தது. குடியிருப்பின் மொத்தத் தண்ணீரும் என் ஒரு செருப்போடு ஏரிக்குள் போய் விழுந்தது.

மறுநாள் காலை ஜெசிந்தாவின் கதவைத் தலைவரே தட்டினார். கையில் பழத்தட்டு, பின்னால் வனமாலி.

“டாக்டர்...” குரலில் தேன் வழிந்தது. “இன்னைக்கு என்ன சமையல்?”

“நேத்துவரைக்கும் நாறுச்சே சார்?”

“யார் சொன்னா? பழகினா அதுவும் ஒரு வாசனைதானே. காலி பண்றதப்பத்தியெல்லாம் மறந்துடுங்க. நீங்க எங்க வீட்டுப் பொண்ணு. என்ன, சாயங்காலம் சாயங்காலம் ஒரு சட்டி மட்டும் மடைப்பக்கம்...”

உள்ளேயிருந்து “கணவாய்!” என்று பெரியவர் குரல் கேட்டது. தலைவர் குனிந்து வணக்கம் சொன்னார்.

இப்படியாக, சுத்த சைவக் குடியிருப்பில் மாலைதோறும் கருவாட்டு அபிஷேகம் ஆரம்பமாயிற்று. கதவு நாய்க்குட்டிபோலத் திறந்தது. தலைவர் பீப்பாய்க் கணக்கில் வேப்பெண்ணெய் ஊற்றினார், மீசை ஒன்றும் சொல்லவில்லை. புல் மரகதமாகப் பளபளத்தது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் ரகசியம் கேட்டு வந்தார்கள். “எல்லாம் மேலிடத்துல பேசி வச்சிருக்கோம்,” என்றார் தலைவர். ஜெசிந்தாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இந்த நகரத்துக்கு வந்தபின் முதல்முறையாகச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக் குழம்பு கொதிக்கவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் அப்பாவை நாற்காலியில் வைத்து ஏரிக்கரையில் தள்ளிக்கொண்டு போனாள். நானும் கூட நடந்தேன். எங்கள் மடைக்கு எதிரே தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டப் போனால் எல்லாம் வயிறு. கெண்டைக்குஞ்சு, விரால்குஞ்சு, விரல் நீளம்கூட இல்லாதவை, மல்லாந்து மிதந்தன. மற்ற மடைகளுக்கு எதிரே அப்படி எதுவுமில்லை.

பெரியவர் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வாயைத் திறந்து, அவை கடல் மீன்கள் இல்லாததாலோ என்னவோ, பெயர் கிடைக்காமல் மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கமிருந்து திருப்பினாள். “திங்கதுக்கு மீனு பிடிக்கது வேற சார்,” என்றாள். “இது அதுல்ல. நம்ம கதவைத் திறக்க வச்சு, அதுக வீட்டுல விஷத்தை ஊத்தியிருக்கேன்.”

“நீ இல்லம்மா. அந்தப் பீப்பாய்.”

“பீப்பாய்க்கு வழி விட்டது என் சட்டி.”

அன்று மாலை அபிஷேகம் நின்றது. சங்கம் அவசரமாகக் கூடியது.

“ஒரு சட்டி தண்ணிதானே கேக்குறோம்?” என்றார் தலைவர். “காலி பண்ற விஷயம் இன்னும் முடியலங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க.”

“நான் காலி பண்ணுதேன்னே வையுங்க. நாளைக்கு மழை வந்தா யார் சட்டி தூக்குவா? நீங்களா?”

வனமாலி வாயைப் பொத்திக்கொண்டார்.

“கேட்டுக்கிடுங்க,” என்றாள். “புல்லு போகணும். வேப்பெண்ணெய் போகணும். இன்ஜினியரம்மா சொன்னதைப் போடுங்க. அதுவரைக்கும் என் அடுப்புல கருவாடு கொதிக்கும், ஆனா எங்கப்பாவுக்கு மட்டும். கழுவின தண்ணி மடைக்கு வராது.”

வங்கக்கடலில் பருவம் தப்பிய புயல் ஒன்று உருவாகிக்கொண்டிருந்ததாக அன்றைய செய்தி சொன்னது. வீரம் பேசிய சங்கம் இரண்டே நாளில் மண்வெட்டியோடு இறங்கியது. கொரியன் புல்லைச் சுருட்டி லாரியில் ஏற்றியபோது தலைவர் அழுதார். மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அப்படி அழவில்லையென்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். அதன் இடத்தில் பொடுதலையும் வல்லாரையும் படரவிட்டார்கள். வடிகால் ஓரமெல்லாம் வெட்டிவேரும் கோரையும் நட்டார்கள். இன்பவல்லி நாள்தோறும் வந்து நின்றார். மழை வந்து பார்த்தபோது தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. குப்பியில் பிடித்துப் பார்த்து, “குடிக்கலாம் போலிருக்கு,” என்றார் அந்தப் பெண்.

கதவு மட்டும் திறக்கவில்லை.

“முதல் மழைதானே, கொஞ்சம் பொறுங்க,” என்று சொல்லிவிட்டு இன்பவல்லி அடுத்த மடைக்குப் போனார். எல்லாரும் உள்ளே ஓடினார்கள். நான் பால்கனிக்குப் போனேன். ஜெசிந்தா தனியாகப் பின்பக்கம் வருவது தெரிந்தது. கையில் சட்டி. ஊற்றினாள். கதவு திறந்தது. ஐந்து நிமிடத்தில் கீழே கைதட்டல், விசில், “பார்த்தீங்களா, நம்ம செடி வேலை செய்யுது!” என்று தலைவரின் குரல்.

நான் அவளைப் படிக்கட்டில் பிடித்தேன். “என்னம்மா இது?”

“கெடுத்து வச்சிட்டோம் சார் அதை,” என்று சிரித்தாள். “என் கிளினிக்குக்கு வாற சின்னப்பிள்ளைக்கு மிட்டாய் காட்டி வாயைத் திறக்க வச்சா, அடுத்த வாட்டி பல்லே வலிக்காட்டாலும் மிட்டாய் இல்லாம திறக்காது. இதுவும் அப்படித்தான். நல்ல தண்ணின்னா கருவாட்டுத் தண்ணின்னு அது படிச்சு வச்சிருக்கு. இப்போ தண்ணி சுத்தம், ஊத்துறதுல பாவமில்ல. நான் தினம் கழுவுறதை இங்கயே ஊத்திக்கிடுதேன்.”

“இதைச் சங்கத்துல சொன்னா உன்னை யாராலயும் அசைக்க முடியாதே!”

“சொல்லாதீய சார்.”

“ஏம்மா?”

“கருவாட்டுக்காக ஒரு தடவை வச்சுக்கிட்டாக. கதவுக்குத் தாழ்ப்பாள் வச்ச மாதிரி. இந்த வாட்டி மனுசின்னு வச்சுக்கிடுதாகளான்னு பார்ப்போமே.”

வாக்குக் கொடுத்தேன். ஒரு செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டு வெளியே விடாமல் வாழ்வது எப்பேர்ப்பட்ட தவம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எட்டுக் கிலோ இளைத்தேன்.

சித்திரையில் லேக் பாரடைஸுக்கு 'மீன்நேயக் குடியிருப்பு' என்ற சான்றிதழ் கிடைத்தது. நகரத்தில் முதல் குடியிருப்பு. விழா எடுத்தார்கள். பொடுதலைப் பூவில் வண்ணத்துப்பூச்சி உட்கார, ஏரியில் விரால் தன் செங்குஞ்சுகளை மேய்த்துக்கொண்டு வந்து எட்டிப்பார்க்க, சிற்சபேசன் ஒரு மணி நேரம் பேசினார். வெளிநாட்டுப் புல்லைத் தான் சிறுவயதிலிருந்தே வெறுத்ததாகச் சொன்னார். எனக்கே கண்ணீர் வந்தது, சிரிப்பை அடக்கியதில்.

அடுத்த வாரச் சங்கக் கூட்டத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு சின்ன விஷயம். நாம இப்போ மீன்நேயக் குடியிருப்பு. வாசல்ல சான்றிதழ் தொங்குது. உள்ளே ஒரு வீட்டுல மீன் குழம்பு கொதிக்குது. ஊர் என்ன பேசும்? இது அந்த மீன்களுக்கே நாம செய்யுற துரோகம் இல்லையா?”

கூட்டம் ஆமோதித்து முனகியது. ஜெசிந்தா எழுந்தாள்.

“அந்த மீனு செத்துக் கிடந்தப்போ உங்க பீப்பாயை நிப்பாட்டச் சொன்னது யாரு சார்?”

“அதுக்கு நன்றி டாக்டர். நன்றித் தீர்மானம் தனியாப் போட்டிருக்கு. அடுத்த பொருள் இதுதான்.”

“எங்கப்பாவை எங்க கொண்டு போவேன்?”

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜன்னல் வழியே பொடுதலையைப் பார்த்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். அவளைக் காலி செய்யச் சொல்வதை எதிர்த்து இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டும் என்னுடையவை. ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அவளைப் பார்த்தேன். சொல்லிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

ஏரியின் எதிர்க்கரையில், படகுக்காரர் குடியிருப்பில் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. வாசலில் படிகள் இருந்தன. அக்கம்பக்கத்தார் அன்று மாலையே பலகை அடித்துச் சரிவு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கிளினிக் தூரமாகிப் போனது. பேருந்தில் போய்வந்தாள். கிளம்பும்போது பெரியவர் என் கையைப் பிடித்து, “சாளை, சாளை,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரிடம் வேறு சொல் இருந்திருந்தாலும் அதற்குமேல் சொல்லியிருக்க முடியாது.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. கண்ணாடித் தண்ணீர் ஓடிவந்து மடையில் நின்றது. மீசை அதை நக்கிப் பார்த்து, ஏதோ ஒன்று குறைகிறதே என்பதுபோல் தடவித் தடவித் தேடி, கதவை மூடிக்கொண்டது.

இன்பவல்லி வந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “தண்ணியில ஒரு குறையும் இல்ல சார். யாரோ இதுக்கு எதையோ குடுத்துப் பழக்கியிருக்காங்க. புது மீசை வளர்ந்து வர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் பழக்கினதைக் குடுத்துத்தான் ஆகணும்.”

உலகத்திலேயே வாங்கத் தெரியாத ஓர் அதிகாரியை ஒரே பருவத்தில் வாங்கப் பழக்கிய பெருமை எங்கள் குடியிருப்பையே சேரும். இதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கலாம்.

தலைவர் மானத்தை விட்டு எதிர்க்கரைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், விட்டுவிடுவேனா. ஜெசிந்தா உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள்.

“வந்துடுங்க டாக்டர். உங்க வீடு அப்படியே காலியா இருக்கு. பித்தளைப் பலகையைக்கூட எடுத்துடுறோம்.”

“மழை பெய்யாம இருந்திருந்தா வந்திருப்பியளா சார்?”

தலைவர் தேநீரைப் பார்த்தார்.  அவள் வனமாலியின் கடவாய்ப்பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, எங்களை வாசல்வரை வந்து அனுப்பிவைத்தாள்.

திரும்பியதும் தலைவர் தாமே கருவாடு சமைக்கத் துணிந்தார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு அடுப்பின்முன் நின்றார். வாசனை தாங்காமல் அதைப் போக்க ஒரு கைப்பிடி வேப்பிலையை உருவிச் சட்டியில் போட்டுவிட்டார். ஊற்றியதும் மீசை சுருண்டு கதவு அறைந்து மூடிய சத்தம் எதிர்க்கரைவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். மற்றவர்கள் யாரும் முயலவில்லை. எல்லாருக்கும் திடீரென்று மூட்டுவலி.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரைத்தள வீட்டைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். நெற்றியில் திருநீறு, இருவருக்கும் அரசாங்க வேலை, மூன்று மாத முன்பணம் தயார். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தலைவர் அவர்களிடம் குடும்பம் விசாரித்தார், ஊர் விசாரித்தார், எல்லாம் திருப்தி. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுல... மீன், கருவாடு?”

பையன் பதறிப்போனான். “ஐயையோ சார்! நாங்க சுத்த சைவம். முட்டைகூட வாசல் தாண்டாது. பயப்படாதீங்க.”

சிற்சபேசன் சாவியை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“மன்னிச்சுக்கணும் தம்பி,” என்றார். “உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இங்க வீடு தர்றதில்ல.”